காலி சீட்டோடு கிளம்பிய மட்டாட்டு

எங்கள் கணினி விளையாட்டில் முதல் ஜாம்பி வர இருபது நிமிடம் ஆகும். அதுவரை நைரோபி சும்மா நைரோபியாக இருக்கும். கடைகள் திறந்திருக்கும், மழைக்கு முன்னால் புழுதி கிளம்பும், விளையாடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் திரியலாம். அந்த இருபது நிமிடத்தைச் செய்ய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதை வெட்டி எறிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான் ஒடேரோ.

ஒடேரோ என் கூட்டாளி. நைரோபியின் உமோஜா பகுதியில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் நாங்கள் இருவரும்தான் இந்த விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். சண்டையும் அங்கேதான்.

"மும்புவா, ஜாம்பி கேம் வாங்குறவன் ஜாம்பிய அடிக்கத்தான வாங்குறான்? நீ அவனத் தக்காளி வாங்க அனுப்புற!"

"ஊர் உயிரோட இருந்ததப் பாத்தாதான்டா அது சாகும்போது வலிக்கும்."

"வலிக்கறதுக்கு முன்னாடியே தூங்கிருவான்."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சனிக்கிழமை எட்டுப் பேரை அழைத்து விளையாட விடுவது. ஐந்து பேராவது முதல் ஜாம்பியைப் பார்க்கும்வரை தாக்குப்பிடித்தால் என் தொடக்கம் பிழைக்கும். இல்லாவிட்டால் முதல் நொடியிலேயே பிணங்கள் ஓடிவரும். அன்று மாலை ஐந்து மணிக்கு வெளியீட்டுக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

காலையில் மூன்று பேர்தான் தேறினார்கள். செபெட் என்ற நர்சிங் மாணவி ஏழாவது நிமிடத்திலேயே விளையாட்டை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். ஒடேரோ தாளில் கணக்கை மட்டும் குறித்துக்கொண்டான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? போரடிச்சுதா?" என்று செபெட்டிடம் வெடுக்கென்று கேட்டேன்.

"போரெல்லாம் இல்லக்கா. சிரிப்பு வந்துருச்சு. அந்த மட்டாட்டு வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் எதையும் நம்ப முடியல."

என் தொடக்கத்தில், விளையாடுகிறவர் மட்டாட்டு என்ற ஷேர் வேனில் ஏறி நகரத்துக்குள் போக வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பிவிடும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தேறிய மூவரில் கிடோங்கா என்றொருவர் இருந்தார். கிகுயு ஊர்த் தடத்தில் ஏழு வருடமாக மட்டாட்டு கண்டக்டர். கையில் பாதி சமோசாவோடு எழுந்தார்.

"பொணம் எந்திரிச்சு நடக்குதா? நடக்கட்டும், நம்புறேன். பதினாலு சீட்டுல ஒத்த ஆள ஏத்திக்கிட்டு மட்டாட்டு கெளம்புதா? எங்கம்மா சத்தியமா நம்ப மாட்டேன். உலகமே அழிஞ்சாலும் சீட்டு ரொம்பாம நான் கதவச் சாத்த மாட்டேன்!"

அறையே கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. தினமும் மட்டாட்டில் ஆள் சேரும்வரை காத்துக்கிடந்து வேலைக்கு வருகிறவள் நான். விளையாடுகிறவருக்கு அலுக்குமே என்று அந்தக் காத்திருப்பை மட்டும் நானே தூக்கியிருந்தேன். நிதானம் வேண்டும், நிதானம் வேண்டும் என்று ஒடேரோவிடம் தொண்டை கிழியக் கத்தியவளும் நான்தான்!

விளையாட்டைக் கைவிட்ட ஐந்து பேரும் சாப்பிடக் கீழே போனதும் கிடோங்காவிடம் ஒடேரோ கேட்டான். "ஏண்ணே, வண்டி ரொம்புற வரைக்கும் காக்க வச்சா எவன் உக்காருவான்?"

"அதுக்குத்தான நாங்க ஆள உக்கார வைக்கிறோம்? காலி வண்டில ஒருத்தனும் ஏற மாட்டான். அதனால நம்ம பயலுக ஏழெட்டுப் பேரு பயணி மாதிரி உக்காந்திருப்பானுங்க. நெஜமான ஆளு ஏற ஏற, ஒவ்வொருத்தனாத் தோளத் தட்டி எறக்கிவிடுவேன்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "தட்டியும் ஒருத்தன் எறங்கலன்னா?"

கிடோங்கா மெல்லுவதை நிறுத்தினார். "அப்படி நடந்ததே இல்ல தங்கச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடந்தா நான் ஓடிருவேன்" என்றார்.

ஒடேரோ அதற்குள் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டான். "யாரு எறங்கக் கூடாது? சன்னலோரம் தொப்பிக்காரனா?"

"தொப்பிக்காரன்தான்! ஆனா சீட்டு ரொம்பற வரைக்கும் அவன் அசையவே கூடாது."

"அந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர் தேறினாப் போதும், உன் தொடக்கம் உனக்கு. இல்லன்னா என்னோடது. சரியா?"

"சரிடா, கைய நகத்து!"

வண்டியும் ஆட்களும் ஏற்கெனவே இருந்தார்கள். உட்கார வைத்து, எழுப்பி, இறக்கிவிட்டால் போதும். கண்டக்டர் குரலுக்குக் கிடோங்காவையே மைக் முன்னால் நிறுத்தினோம். "டவுன், டவுன், ஒரே சீட்டு, ஒரே சீட்டு!" என்று ஆரம்பித்த மனுஷன், போதும் என்ற பிறகும் ஓயவில்லை. வண்டியில் ஒன்பது சீட்டு காலியாக இருக்கும்போதும் ஒரே சீட்டுதான்.

மூன்றரை மணிக்கு ஐந்து பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். நான் செபெட்டுக்குப் பின்னால் நின்றேன்.

மட்டாட்டில் ஏறியதும் சிரித்தாள். இது நல்ல சிரிப்பு. "அய்யோ, இவங்க எல்லாம் போலி ஆளுங்க! அப்படியே எங்க ஸ்டாப்பு!" வெளியே ஒருத்தி கடலை விற்றாள். ஒரு கிழவர் ஏறினார், ஒரு போலி இறங்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், இரண்டு போலிகள் இறங்கினார்கள். தூரத்தில் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம். கதவருகே ஒரு கர்ப்பிணி நின்றாள். மிச்சமிருந்த ஒரே போலி, செபெட்டின் பக்கத்தில் இருந்த தொப்பிக்காரன். கண்டக்டர் அவன் தோளைத் தட்டினார்.

அவன் அசையவில்லை.

"எறங்கேன்டா! புள்ளத்தாச்சி நிக்கிறா, கண்ணு தெரியல?" செபெட் திரையைப் பார்த்துத் திட்டினாள். கண்டக்டர் மறுபடி தட்டினார். தொப்பி கீழே விழுந்தது. அவன் கழுத்து மட்டும், மெதுவாக, அவள் பக்கம் திரும்பியது.

செபெட் போட்ட கூச்சலில் இரும்புக்கடைக்காரர் படியேறி ஓடிவந்தார். அடுத்தடுத்து மற்ற நாலு பேரும் அலறினார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது, டீ கொட்டியது, ஒருவர்கூட விளையாட்டை நிறுத்தவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஒடேரோ செபெட்டின் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினான். "முதல் ஜாம்பி வர எவ்வளவு நேரம் ஆச்சு, சொல்லு பாப்போம்?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா? தள்ளுங்கண்ணே, மறைக்கிறீங்க!"

இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. என் பழைய கணக்கைவிட மூன்று நிமிடம் அதிகம். ஒடேரோ நேரே தன் மேசைக்குப் போனான். ஐந்து மணிவரைகூடப் பொறுக்காமல், என் தொடக்கத்தோடு அனுப்பிவிட்டான்.