எண் இல்லாத இரண்டு சீட்டுகள்

1

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி தூரம் வந்தபிறகு நீங்களே கண்டுபிடித்து, ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் சமையல்காரி. நடந்துபோன ஒரு தவறுக்கு அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் கொடுக்க வேண்டும். கண்காணிப்பாளருக்குத் திருப்தி இல்லையென்றால் வேலை போய்விடும். அக்கா அந்தக் காகிதத்தோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"நீதான் எழுதுறவனாச்சே. எழுதிக் குடு."

பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். குடும்பத்தில் ஒருவர் என் எழுத்தைக் கேட்டு வாங்க வந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. வேலை போகப்போகிறவள் எதிரில் அதைக் காட்டிக்கொள்ள முடியாமல், காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

2

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது:

சமையலறை ஜன்னல் வழியே காலை வெளிச்சம் மெல்ல

அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது என்றாள் அக்கா. சரி, வேறு:

அவள் கைகளுக்கென்று ஒரு மொழி இருந்தது. அந்த மொழியில்

"என் கையில தீக்காயம்தான் இருக்கு," என்றாள். அதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அங்கே ஒரு வேளைக்கு நூற்று இருபது தட்டு. எல்லாம் நிறுத்து அளந்து செய்ய வேண்டியவை. யாருக்கு எது, எத்தனை கிராம் என்று டயட்டீஷியன் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார். வீட்டில் அக்கா அடுப்பைப் பற்றவைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதையாவது இரவல் கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட கைப்பக்குவத்துக்கு மருத்துவமனையில் ஒரு வேலையும் இல்லை. தராசு சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒவ்வொரு தட்டின் மூடிமேலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அதில் அறை எண்ணைக் கையால் எழுதுவது அக்கா. எண்ணுக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ஒருநாள் அதில் எழுதிவிட்டாள்: "இந்தக் கேரட்டை நான் வேகவைக்கவில்லை. பட்டியல் வேகவைத்தது."

சாப்பிட்டவர் சீட்டை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். மறுநாள் இன்னொருவருக்கு: "பூசணிக்காயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்களும் பெரிய மனசு பண்ணுங்கள்." ஒரு மாதத்தில் நோயாளிகள் தட்டு வந்ததும் மூடியைத் திறக்காமல் மூடியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

(குறிப்பு: என் கடைசிப் புத்தகம் முந்நூறு பிரதி அச்சானது. அக்காவை ஒரு வேளைக்கு நூற்று இருபது பேர் படித்தார்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை. எனக்குப் பொறாமை இல்லை என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

3

இனி அந்தத் தவறு.

ஒரு புதன்கிழமை மதியம் அக்காவுக்கு ஒரு வாக்கியம் வந்தது. விட்டால் போய்விடும் என்ற பயத்தில், எண்ணைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எட்டாம் அறைச் சீட்டில் நேராக எழுத ஆரம்பித்தாள்: "உப்பில்லாமல் சமைக்கச் சொல்வது, பாடத் தெரிந்தவளை மேடையேற்றிச் சும்மா நிற்கச் சொல்வது மாதிரி. நிற்கிறேன். ஆனால்"

இடம் தீர்ந்துவிட்டது. அவளுக்கு நிறுத்த மனசு வரவில்லை. ஒன்பதாம் அறைச் சீட்டை இழுத்து முடித்தாள்: "எப்படி நிற்கிறேன் என்று ருசித்துப் பாருங்கள்." வாக்கியம் நன்றாக வந்துவிட்ட நிம்மதியில் இரண்டு சீட்டிலும் எண்ணை மறந்தாள்.

எட்டில் இதய நோயாளி. அவருக்கு உப்பில்லாத சூப். ஒன்பதில் முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரு லாரி டிரைவர். அவருக்கு உப்புப் போட்டது. கிண்ணங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டுகளை அறைகளுக்குக் கொண்டுபோகிறவரை எல்லோரும் தட்டுக்காரர் என்பார்கள். அவர் கையில் கடைசியில் எண் இல்லாத இரண்டு தட்டும், எதிரில் இரண்டு அறையும் மிஞ்சின. சூப் ஆறிவிடுமே என்று ஒரு குத்துமதிப்பாகக் கொடுத்தார். மதிப்பு தப்பிவிட்டது.

இதய நோயாளி சீட்டில் போட்டிருந்தபடியே ருசித்துப் பார்த்தார், கிண்ணம் காலியாகும்வரை. சாயங்காலம் ரத்த அழுத்தம் எகிறி, அவரைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து அறைக்குத் திரும்பினார். அந்த இரண்டு நாளும் அக்கா பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. இதையும் வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

4

நான் எழுதிக் கொடுத்த கடிதம் மூன்று பக்கம். "மதிப்பிற்குரிய ஐயா, உணவு விநியோகத்தின்போது ஏற்பட்ட எதிர்பாராத குழப்பம் காரணமாக" என்று தொடங்கும். ஆள் பற்றாக்குறை, வெளிச்சக் குறைவு எல்லாம் அதில் வரும். தேடினாலும் ஒரு பொய் கிடைக்காது.

அக்கா இரண்டு தரம் படித்தாள். "நல்லா எழுதியிருக்கடா. இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீ இருக்கக் கூடாதுன்னுதானே எழுதினதே."

"அப்ப தப்பு பண்ணது யாரு?"

"யாருமே பண்ணல. அதுதான் இந்தக் கடிதத்துல விசேஷம்."

"விநியோகம்னு போட்டிருக்க. விநியோகம் பண்றது தட்டுக்காரர் ஒருத்தர்தான். அவர் தலையிலதான் போய் விடியும்."

(இது எனக்குத் தோன்றவில்லை என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். தோன்றியது. அவள் என் அக்கா. தட்டுக்காரர் எனக்கு ஒரு கதாபாத்திரம்தான்.)

அக்கா பேனாவை வாங்கித் தானே எழுதினாள்: "எண்ணை எழுதாதது நான். அப்போது ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தேன். தட்டுக்காரர்மேல் தவறில்லை. ஒருவர் உயிர் போகப் பார்த்தது, அதை நான் மறக்க மாட்டேன். இனி எண்ணை முதலில் எழுதுவேன். ஆனால் இனி எழுதவே மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை."

"கடைசி வரிய மட்டும் எடுத்துடுக்கா. வேலை தப்பிச்சிடும்."

"மத்த வரியெல்லாம் யார் வேணா எழுதலாம்டா. அது ஒண்ணுதான் நான்."

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அந்த வரி நன்றாக இருந்தது வேறு எரிச்சல்.

5

இந்தக் கதைக்கு முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. கண்காணிப்பாளர் கடிதத்தைப் படிக்கிறார். கண் கலங்குகிறது. "அம்மா, உங்களைப் போன்ற ஒருவர்" (அக்கா: "அந்த ஆளுக்குக் கண்ணு கலங்காது. வேற எழுது.")

ஆ. வேலை போகிறது. அக்கா ஒரு சின்ன உணவகம் திறக்கிறாள். வாசலில் வரிசை (அக்கா: "முதல் யார் போடுவா? நீயா?")

இ. இதய நோயாளி கையில் சீட்டோடு வந்து அக்காவுக்காகப் பரிந்து பேசுகிறார். (அக்கா: "பாவம், அவர எழுப்பாத.")

மூன்றையும் அடித்துவிட்டு அக்கா சொன்னாள்: "முடிவ நீ எழுதாத. நீ எழுதினா நான் ஒண்ணு ஜெயிப்பேன், இல்ல அழுவேன். ரெண்டுமே உனக்காகப் பண்ற மாதிரி இருக்கும்."

6

திங்கட்கிழமை காலை. கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் பையில் இரண்டு கடிதமும் இருந்தன. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவள் என் கடிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிரு. வேற யாருக்காவது ஆகும்."

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்காக மிகவும் பயந்தேன்.

ஒன்பதாம் அறை லாரி டிரைவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடைப் பயிற்சிக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"சமையல்ல ஆள மாத்திட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"சீட்டுல நம்பர் தவிர ஒண்ணும் எழுதி வர்றதில்ல. சாப்பாடு யாரோ செஞ்ச மாதிரி இருக்கு."

"அதே ஆள்தான். இப்ப உள்ள இருக்காங்க."

"அப்படியா." சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டொன்றை எடுத்தார். "கடைசியா வந்ததுல 'ஆனால்'னு நிறுத்திட்டாங்க. மூணு நாள் பார்த்தேன். அப்புறம் மிச்சத்த நானே எழுதிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறம் இப்பதான் எழுதறேன்."

"காட்டுங்களேன். நான் கதை எழுதறவன்தான்."

"உங்களுக்கு இல்ல," என்று மறுபடி மடித்துக்கொண்டார்.

கதவு திறக்கிறது. அக்கா வருகிறாள். அவள் முகம் இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அவள் கேட்டுக்கொண்டபடி அதை நான் எழுதப்போவதில்லை. வேலை இருக்கிறதா போயிற்றா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். டிரைவர் வாக்கரைப் பிடித்து எழுந்துகொண்டிருக்கிறார். அவர் முதலில்.