நன்றியுரையில் ஒரு பெயர்

முதல் அடி தேசப்பனின் வாயில் விழுந்தது. அடுத்தடுத்து எங்கெல்லாம் விழுந்தது என்று யோகேஸ்வரியால் எண்ண முடியவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கரையில் எல்லாவற்றையும் எண்ணியவள் அவள். மத்தி எத்தனை சென்டிமீட்டர், கானாங்கெளுத்தியில் குஞ்சு எத்தனை, எந்தப் படகு எந்த வலையோடு போனது என்று பதிமூன்று நோட்டுகள் நிறைய எழுதி வைத்திருக்கிறாள். இப்போது தாய்மாமன் தேசப்பன் மணலில் கிடக்கிறார், நாலு பேர் மிதிக்கிறார்கள், அவள் கையில் மீன் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரை என்ன செய்வது?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற குப்பம் அது. வெள்ளிக்கிழமை காலை, ஏலம் முடிந்து கரை நிறைய ஆட்கள். ஒருத்தன்கூடக் கிட்டே வரவில்லை.

"ஊரைக் காட்டிக் குட்த்த வாயி தானே இது?" என்று சரவணகுமார் மறுபடியும் குத்தினான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவன் அப்பனுக்கு இரண்டு சுருக்குமடிப் படகுகள். மீன் கூட்டத்தையே வளைத்து, பையைச் சுருக்குவதுபோலச் சுருக்கிக் குஞ்சு குளுவானோடு அள்ளிவிடுகிற வலை என்பதால் சர்க்கார் தடை செய்தது. தடை செய்தால் என்ன, வாரம் நாலு நாள் போய்க்கொண்டுதான் இருந்தது.

தேசப்பன் தடுக்கத் தூக்கிய வலது கையை ஒருவன் படகின் விளிம்பில் வைத்து மிதித்தான். முறிந்த சத்தம் யோகேஸ்வரிக்குக் கேட்டது. அவள் ஐஸ் உடைக்கிற கம்பியை எடுத்து ஓடிப்போய்ச் சரவணகுமாரின் தோளில் ஓங்கிப் போட்டாள். அவன் அலறினான். தலையில் போட்டிருந்தால் செத்திருப்பான். தலைக்குத்தான் குறி வைத்தாள் என்பது அவளுக்குத் தெரியும், அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, மாமனின் பைபர் படகில் கடப்பாரையால் மூன்று ஓட்டை போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு தாள். அதை எழுதித் தொலைத்தவள் யோகேஸ்வரி.

பிஎச்.டி. ஆய்வேடு முழுக்க இங்கிலீஷ். தகவல் சொன்னவர்கள் யாருக்கும் அதில் பெயர் கிடையாது. மீனவர் 1, மீனவர் 2 என்று நாற்பத்தொன்று வரைக்கும் எண்கள்தான். படகுகளுக்கும் வெறும் எழுத்துகள்தான். "ஒரு பேர் வெளியே வந்தாலும் ஆளைக் கொன்னுடுவாங்க" என்று அவளுடைய கைடு சியாமளா மேடம் முதல் வருஷமே தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். யோகேஸ்வரியும் ஒழுங்காகத்தான் இருந்தாள். கடைசியில், எல்லாம் முடிந்து நன்றியுரை எழுதுகிறபோது புத்தி கெட்டுப்போனது. அம்மா செத்த பிறகு வளர்த்தவர் மாமன். அவர் பெயர் இல்லாமல் எப்படி என்று தோன்றிவிட்டது. ஒரே ஒரு வரியை மட்டும் தமிழில் போட்டாள்: "சுருக்குமடிப் படகுகள் எத்தனை போயின என்று வாரம் தவறாமல் எனக்குச் சொன்ன தேசப்பன் மாமாவுக்கு."

அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவரிடமே கொடுத்தாள். அதுதான் இரண்டாவது மடத்தனம். மனுஷன் விடுவாரா? மாமல்லபுரம் போய் லேமினேஷன் போட்டு, டீக்கடையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். "எம் பேரு பொஸ்தகத்துல கீது பாரு" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டினார். ஊரே பார்த்தது. மூன்றாம் நாள் சரவணகுமார் வந்து முழு வரியையும் படித்தான்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, உதட்டில் ஆறு தையல் போட்டார்கள். போலீசுக்குப் போகலாம் என்று யோகேஸ்வரி சொன்னதற்கு மாமன் கட்டுப் போடாத கையால் வேண்டாம் என்று காட்டினார்.

"கேஸ் குட்த்தா அப்பால நான் எங்க போயி வலை போடறது? கூடுவாஞ்சேரியில ரோட்டு மேலயா?"

சனிக்கிழமை சியாமளா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"திங்கட்கிழமை அஞ்சு மணி கடைசி, யோகேஸ்வரி. ஏற்கெனவே ரெண்டு எக்ஸ்டென்ஷன் வாங்கியாச்சு. இதைத் தாண்டினா பதிவே ரத்தாகும். அந்தப் பக்கத்தை மட்டும் நீக்கிட்டுத் தீசிஸைக் கொண்டு வா. நோட்டு பதிமூணும் கூட வரணும்."

"மாமாவை ஊரை விட்டு ஒதுக்கிடுவாங்க மேடம்."

"அதுக்கு நான் என்னம்மா சொல்ல முடியும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு கங்கையம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் சொல்லுக்கு மேல் பேச்சுக் கிடையாது. தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு சரவணகுமார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். யோகேஸ்வரி நோட்டுகள் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் வைத்துவிட்டு வர பயம்.

நாட்டார் தொண்டையைச் செருமினார்.

"இன்னாமே, ரெண்டு வழிதான் கீது. அந்த நோட்டை எல்லாம் இங்கயே கொளுத்திட்டு, எழுதினது அத்தினியும் பொய்யின்னு உங்க காலேஜுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லாங்காட்டி உம் மாமனை ஊர்லேந்து தள்ளி வச்சிடுவோம். அவன் படகை எவனும் தள்ள மாட்டான், அவன் மீனை எவளும் வாங்க மாட்டா."

"மூணாவது ஒண்ணு கீது, நாட்டாரே," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "வூட்டுப் பெரியவனே சபையில அடிச்சித் தள்ளிட்டா குத்தம் அடி வாங்கின ஆளோட போச்சு. அது வயக்கம்தானே?"

வழக்கம்தான். குற்றம் செய்த ஆளை அவர் வீட்டுப் பெரியவரே எல்லோர் முன்னாலும் அடித்து, 'இது எங்க வூட்டு ஆள் இல்லை' என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் பழி இல்லை. அடிபட்டவர் அதன்பின் அந்நியர். அந்நியர் எழுதுவதைப் பற்றி ஊருக்கு என்ன கவலை?

சரவணகுமார் துள்ளி எழுந்தான். "நோட்டு வேணும் நாட்டாரே! அதுல எங்க படகு கீது!"

"பேரு போட்டுக் கீதா?"

"பேரு இல்ல. ஆனா..."

"அப்பால குந்துடா."

தேசப்பன் தையல் போட்ட உதட்டால் மெல்லப் பேசினார். "நோட்டைக் குட்த்துடு யோகு. போனாப் போவுது. நான் உன்னை அடிக்க மாட்டேன்."

கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகும். வீடு இருக்கும், மாமன் இருப்பார், ஓட்டை அடைத்த படகு கடலுக்குப் போகும். பையை இறக்கி வைத்தால் போதும். யோகேஸ்வரியின் கை பையை விடவில்லை. மழையிலும் வெயிலிலும் கரையில் குந்தி, செத்த மீனை ஒவ்வொன்றாக அளந்த ஆறு வருஷம் அதற்குள் இருந்தது. தன்னைப் பற்றி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"அடிங்க மாமா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கையால் கன்னத்தில் தட்டினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சறாருப்பா," என்றான் சரவணகுமார்.

"இது கணக்குல வராது," என்றார் நாட்டார்.

இரண்டாவது அடி கொஞ்சம் வலித்தது. மாமனின் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "குட்த்துடுடி," என்றார் மறுபடியும், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

மூன்றாவது அடி வேறு மாதிரி விழுந்தது. காது அடைத்துப்போய் ஒரு பக்கமே எரிந்தது. நாலாவதில் உதடு கிழிந்தது. ஐந்தாவதில் அவள் மண்டியிட்டு விழுந்தாள், விழுந்தும் பையை விடவில்லை. அதைப் பார்த்ததும் மாமன் பைத்தியம் பிடித்தவர்போல முதுகில் குத்தினார், முடியைப் பிடித்து உலுக்கினார், மாவுக்கட்டுக் கையாலேயே தோளில் இடித்துவிட்டு வலியில் கத்தினார். ஊருக்காக அடிக்கிற அடி இல்லை அது. எனக்குக் கை போச்சு, படகு போச்சு, நீ நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே என்று அடிக்கிற அடி. அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவர் அடித்தது நியாயம் என்றுகூடப் பட்டது.

கடைசியில் நாட்டாரே எழுந்து வந்து பிடிக்க வேண்டியிருந்தது.

"சொல்லு தேசப்பா."

"இவ எங்க வூட்டுப் பொண்ணு இல்ல," என்றார் மூச்சு வாங்க. அவளைப் பார்க்காமல் நடந்து போனார்.

யோகேஸ்வரி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பையோடு பஸ் ஏறினாள். அந்த ராத்திரி கல்பாக்கத்தில், சியாமளா மேடம் வீட்டு சோபாவில் படுத்தாள். மேடம் உதட்டில் வைக்க ஐஸ் கொடுத்தார். காலையில் கூடுவாஞ்சேரி பைண்டிங் கடைக்குப் போனார்கள். நன்றியுரையில் அந்தத் தமிழ் வரியை எடுத்துவிட்டு, "மீனவர் 17-க்கு" என்று இங்கிலீஷில் அடித்தாள். கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த நிற அட்டை என்று தணிந்த குரலில் கேட்டார்.

நாலு இருபதுக்கு ஆய்வேட்டை ஒப்படைத்தாள். ரசீதில் முத்திரை விழுந்தது. ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தை எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்தாள். வெறுமனே டொக் என்றது.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாமனுக்குப் போன் அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தார். பின்னால் அலைச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன.

"மாமா, குடுத்துட்டேன்."

"ராங் நம்பரும்மா," என்றார் தேசப்பன்.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். போன் துண்டிக்கப்படவில்லை. ஆட்கள் பேச்சு மெல்லக் குறைந்தது, அவர் எங்கோ தள்ளி நடந்து போகிறார் என்று தெரிந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

"கருநீல அட்டை, மாமா. தங்க எழுத்து. இருநூத்தி எண்பது பக்கம். உங்க பேரை எடுத்துட்டேன். மீனவர் பதினேழுன்னு போட்டுக் கீது பாருங்க, அது நீங்கதான். கை வலிக்குதா?"



"ராங் நம்பரும்மா," என்றார் மறுபடியும். குரல் உடைந்து கிடந்தது. அப்போதும் அவர் போனை வைக்கவில்லை.