கலைமணி வீட்டுச் செவலைக் கோழி

எதிர்வீட்டுக் கலைமணிக்குப் பேச ஆளில்லை என்பது தெருவுக்கே தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், பிள்ளையும் இல்லை. அப்படிப்பட்டவள் வீட்டிலிருந்து தினமும் சாயங்காலம், "தின்னு சாமி, ஏஞ்சாமி திங்க மாட்டேங்குற?" என்று கொஞ்சல் கேட்டால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? ஒருநாள் சேந்தமங்கலம் சந்தையில் கோழிக்காரர்களோடு நின்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத் திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நேராக அவள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய்விட்டேன்.

ஒரு செவலைக் கோழி. அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், மறைப்பானேன்.

கலைமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் முட்டைக்கோழிப் பண்ணையில் தடுப்பூசி போடுகிறவள். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, பண்ணைக்குச் சீக்கைக் கொண்டுவந்துவிடுவார்களாம்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா. வேல போயிரும்."

"நான் எதுக்கு புள்ள சொல்றேன்?" என்றேன். சொல்லவும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

ஐந்தாம் நாள் கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்தது. என் காலில் புண் வந்தபோது டாக்டர் கொடுத்ததில் மிச்சமிருந்த மாத்திரையைக் கொண்டுபோனேன்.

"இதுக்குக் கேக்காதுங்கக்கா. வெள்ளக்கழிச்சல். வைரஸு."

"என்ற புண்ணுல இருந்த கிருமி செத்துச்சே?"

"அது பாக்டீரியாங்க. அதுக்கு உசுரு இருக்குது. தானே திங்கும், தானே வளரும், தானே ரெண்டாகும். மருந்து போயி அதோட அடுப்ப ஒடச்சா செத்துரும். இதுக்கு அடுப்பே கெடையாதுங்க. கோழி ஒடம்புக்குள்ள பூந்து, கோழியோட அடுப்புலயே தன்னாட்டம் ஆயிரஞ் செஞ்சுக்கும்."

"என்ற கொழுந்தனாட்டம்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை.

"வெளிய கெடக்கறப்ப பசியில்ல, மூச்சில்ல. தூசியாட்டம் சும்மா கெடக்கும். உசுருள்ளதுன்னும் சொல்ல முடியாது, செத்ததுன்னும் சொல்ல முடியாது. நடக்கவும் தெரியாதுங்க. யாராச்சும் தூக்கிட்டு வந்தாத்தான்."

"பண்ணையில இருந்து நீ தூக்கிட்டு வந்தியா?"

"அங்க சீக்கே இல்லீங்க, எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு. இதுக்குத்தான் போடல. பண்ணை மருந்துல ஒரு சொட்டு எடுத்தாலும் திருட்டுத்தானேன்னு உட்டுட்டேன். ஊட்ட உட்டு வெளியவே போகாத கோழிக்கு எங்கிருந்து வரப்போவுதுன்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் என் செருப்பைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சந்தையிலிருந்து போட்டுவந்த அதே செருப்பைக் கழற்றி வெளியே வைத்தேன்.

மத்தியானம் கோழி செத்தது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். கமுக்கமாக நாளைக்கு வேலைக்குப் போய்விடு என்று நான்தான் சொன்னேன்.

"நாளைக்குக் குஞ்சு வண்டி வருதுங்கக்கா. எல்லாம் ஒரு நாள் குஞ்சுங்க, இன்னும் ஊசி போடாததுங்க" என்றவள், பண்ணை மேனேஜர் அன்பரசுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

 "இனிமே நீங்க வர வேண்டாங்க" என்று அந்தப்பக்கம் அவர் குரல் கேட்டது. "சீக்கு எப்படிங்க வந்துச்சு? ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாருமில்லீங்க. என்ற ஊட்டுக்கு யாருங்க வாராங்க?"

நான் அவளுக்கு எதிரேதான் நின்றிருந்தேன்.