கிளியம்மாளின் எடை

1968 தை மாதம், வல்லம் வடகால் கிராமத்தில், ஈர்க்குச்சி போலிருந்த ஆறு வயதுக் கிளியம்மாள் ஒரு மூட்டை நெல்லைவிடக் கனமாக இருந்தாள். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் அப்பா தணிகாசலம் வாலாஜாபாத் ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். மில் தராசிலேயே மூன்று முறை நிறுத்துப் பார்த்தார். காரணமும் ஊருக்குத் தெரியும். அவளுக்கு ‘ர’ வராது. ரசம் யசமாகத்தான் வரும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் “எங்க, ரயிலுன்னு சொல்லு” என்று சொல்லவைத்துச் சிரித்தார்கள். போயும் போயும் கிளி என்று பேர் வைத்தார்களே என்றும் சிரித்தார்கள். அதற்குப் பயந்து அவள் விழுங்கிய சொற்கள் செரிக்காமல் உள்ளேயே தங்கிக் கனத்தன.

அம்மா மரகதம் கெட்டவள் இல்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினாள். கோயில் கைமணியைக் கவிழ்த்து, அதில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்கவைத்தாள். எதுவும் பலிக்காதபோது, அடியாத மாடு படியாது என்று, ரசத்தைச் சரியாகச் சொன்னால்தான் ரசம் ஊற்றுவேன் என்றாள். பிள்ளை பத்து நாள் வெறும் சோற்றைத் தின்றது. பிறகு எதையும் கேட்பதையே விட்டுவிட்டது. அந்த மாதம் மட்டும் பன்னிரண்டு கிலோ ஏறியது. கட்டில் கயிறு அறுந்தது, வண்டி அச்சு முறிந்தது, ஈர வரப்பில் முழங்கால்வரை புதைந்தாள். “வர்ற மழைக்குள்ள எதுனா பண்ணணும். இல்லாட்டி சேறே இவள முழுங்கிடும்” என்றார் தணிகாசலம்.

ஐப்பசி மழையில் அதுதான் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வயல் வழியாக வந்தவளை மரகதம் தேடிப்போனபோது, கழுத்துவரை சேற்றுக்குள் இருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சிரிப்பார்களே! நாலு ஆள் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. மரகதம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“எப்டி வருதோ அப்டியே சொல்லு கண்ணு. நான் கேட்டுகினே இருக்கேன்.”

வெகுநேரம் கழித்து, “சியிக்க மாட்டியே?” என்றது பிள்ளை. சொன்னதும் ஒரு விரற்கடை மேலே வந்தது.

பிறகு ஒரு வருஷத்துப் பேச்சும் வந்தது: பசித்த நாட்கள், வாத்தியார் பெஞ்சின்மேல் நிற்கவைத்தது, இரண்டு மாதமாகக் காது வலிப்பது. மரகதம் ஒன்றையும் திருத்தவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் கிளியம்மாள் கொக்குபோலச் சேற்றின்மேல் நின்றாள்.

அதன்பின் அந்த வீட்டில் “யசம் ஊத்து” என்றால், “ரசமா? இந்தா ரசம்” என்று உடனே ஊற்றினார்கள், திரும்பச் சொல் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் ‘ர’ தானாக வந்து சேர்ந்தது. எடையில் இரண்டு கிலோ மட்டும் இறங்கவே இல்லை. “ரெண்டு கிலோ ஜாஸ்தியாத்தான் கீது” என்று பொங்கலுக்குப் பொங்கல் தணிகாசலம் சொல்வார். அது என்ன சொல் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். மரகதம் கேட்கவில்லை. “அது என் கையால வெறுஞ்சோறு வாங்கித் தின்னப்ப முழுங்குனது” என்பாள். 1981-ல் கிளியம்மாள் கல்யாணமாகி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனபோது அதையும் கொண்டுதான் போனாள். பெண் கொஞ்சம் அழுத்தி நடக்கிறாள் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், அவ்வளவுதான்.