யசோதாவுக்கு இல்லாத பித்தப்பை

"உங்களுக்குப் பித்தப்பை இல்லையே அக்கா," என்றான் காப்புறுதிக் கந்தோர் மேசைக்குப் பின்னால் இருந்த பிரதீஸ். யசோதா வலது விலாவை அழுத்திப் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தாள். அந்த இல்லாத பித்தப்பைதான் மூன்று நாளாக அவளைச் சோறு தண்ணீர் இல்லாமல் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தியே எடுத்தாச்சு, உங்க காப்புறுதிக் காட்லதான். இப்ப ஸ்கேன்ல கல்லோட இருக்கு. ஒராளுக்கு எத்தன பை?"

எடுத்தது தங்கை சுந்தரிக்கு. பன்விலயில் அன்றாடக் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்கு ஏது காப்புறுதி? அரசாங்க ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். ஒரே முகஜாடைதானே என்று பிலிமத்தலாவை கார்மன்ட் ஃபெக்டரியில் தனக்குக் கொடுத்த காப்புறுதிக் காட்டையும், கூடவே அடையாள அட்டையையும் கொடுத்து யசோதாவேதான் அவளைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இப்போது வாயைத் திறந்தால் வேலையும் போகும். எழுந்து வந்தாள்.

பின்னேரம் காய்ச்சல் நெருப்பாய் ஏற, அதே அரசாங்க ஆஸ்பத்திரிதான் கதி என்றாயிற்று. வாட்டில் கட்டில் இல்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்திருந்த றோஸைப் பாயில் இறக்கிவிட்டு யசோதாவைக் கட்டிலில் ஏற்றினாள் வாட்டுத் தாதி மிஸ்ஸி. "இவங்களுக்கு அவசரம். இன்னைக்கு உங்களுக்கு இருந்த ஒப்பரேஷன் இவங்களுக்குத்தான். உங்களுக்கு அடுத்த கிழமை பாப்போம்."

கஞ்சிப் போத்தலோடு ஓடிவந்தாள் சுந்தரி. "ஏன்க்கா இங்க வந்து கெடக்குற? ஒனக்குத்தான் காட் இருக்கே!"

"இருக்கு. அதுல எனக்குப் பை இல்லயாம். ஒன்ன அறுத்தாங்க, எனக்குத் தச்சுட்டாங்க!"

"மெதுவாக்கா. நான்தான்னு போய்ச் சொல்லிடவா?"

"சொல்லிட்டு? பொலிஸ் புடிச்சு ரெண்டு பேரும் மறியல்ல போய்ப் படுக்கவா? அங்கயாச்சும் கட்டில் இருக்கான்னு கேட்டுட்டு வா, போ!"

சுந்தரி கோப்பையில் கஞ்சியை ஊற்றினாள். மிஸ்ஸி தன் மேசையிலிருந்தே சத்தம் போட்டாள். ஒப்பரேஷனுக்குப் போகிறவளுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாதாம். ஊற்றிய கோப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தவள், பாயில் இருந்த றோஸிடம் நீட்டினாள்.

"நான் இப்பக் குடிக்கலாந்தானே மிஸ்ஸி?" என்று கேட்டுவிட்டு வாங்கினாள் றோஸ். "காலைல இருந்து பட்டினி. இப்படித் தள்ளிப் போடுறது மூணாவது தடவ, மகள். பரவாயில்ல. நீங்க படுங்க."

யசோதா சுவர்ப் பக்கம் திரும்பினாள். வலி அந்தப் பக்கம் படுக்க விடவில்லை. திரும்பவும் இந்தப் பக்கமே வந்தாள். கீழே றோஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.