நண்டு வரும் அலை

...வெட்டினால் ஒரே வெட்டு, அலை எழும்பும் இடத்திலிருந்து நண்டு கரையேறும் இடம் வரை, அவ்வளவுதான், அப்பா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஒட்டியும் விடலாம். மலர்கொடி கொட்டகையின் ஆபரேட்டர் அறையில், அப்பாவின் இடத்தில், ரீல் சுற்றும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். கீழே மேட்டினிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது, அதில் ராஜவேலின் குரல் தனியாகக் கேட்டது, எந்தக் கூட்டத்திலும் அது தனியாகத்தான் கேட்கும்... சி சென்டர். அப்படித்தான் அவளுக்குப் பெயர் வைத்தான். நகரத்துத் தியேட்டர் ஏ சென்டராம், இது மாதிரி கிராமத்துக் கொட்டகை சி சென்டராம், சினிமாக்காரர்கள் கணக்கு, அதைக் கொண்டுவந்து அவள்மேல் ஒட்டினான். அவள் என்ன சொன்னாள், பூத நண்டு படத்துல முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் நல்லா இருக்குது, அதுல நண்டு கோபப்படக் காரணம் இருக்குது என்று. அவனும் அவளும் பாண்டிச்சேரி காலேஜுக்குப் போய்வந்த பஸ்ஸில் அவளாக வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். "காரணமா? ஏம்மா, நண்டுகிட்ட காரணம் கேட்டுட்டுத்தான் படம் பாப்பியா? சி சென்டருக்கு இதெல்லாம் எட்டாது, நீ போய் குடும்பப் படம் பாரு." பஸ்ஸே சிரித்தது. இவன் என்ன லண்டனிலா பிறந்தான், இவன் அப்பாவின் உப்பளம் இந்தக் கொட்டகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து கண்டக்டர்கூட, சி சென்டர் ஏறிடுச்சு, போலாம் ரைட். அவள் பௌதிகம் படித்தவள், மார்க் வாங்கியவள், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பதில் எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது...

இப்போது மூன்றாம் பாகம். போன வாரம் ராஜவேல் இதே அறைக்கு ஏறிவந்து அப்பாவிடம் கெஞ்சினான், "அண்ணே, ஒரு துண்டுகூட எடுக்காதீங்கண்ணே, பாண்டிலேருந்து பசங்க வர்றாங்க, அந்த அலைக்காகவே வர்றோம்." பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அதன் ட்ரெய்லரைப் பார்த்தவர்கள் அவர்கள். டப்பிங் படம் என்றால் அப்பா எப்போதும் வெட்டுவார், பேச்சு குறையணும், சண்டை இருக்கணும், பஸ்ஸுக்கு முன்னால் படம் விடணும், இதுதான் முதலாளி உத்தரவு. ஆனாலும் ராஜவேலிடம், வெட்டலப்பா, போ, என்று சொல்லிவிட்டார். சொன்னது அப்பா, அவள் இல்லையே... காலையில் சோதித்துப் பார்க்க ஓட்டியபோது வெறும் பெஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் மட்டும் பார்த்தாள். கடல் உள்ளே வாங்குகிறது, அப்புறம் சுவர் மாதிரி எழும்புகிறது, அதன் உச்சியில் நண்டு. பிரமாதமாக இருந்தது. ஆத்திரம் அதனால்தான் கூடியது, இதையா அவனுக்குக் கொடுப்பது? பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், கட்டம் கட்டமாகத் தண்ணீர். கத்திரிக்கோல் சத்தமே போடவில்லை.

கடல் உள்ளே வாங்கியது, விசில் பறந்தது, யாரோ காகிதத்தைக் கிழித்துத் தூவினார்கள், அடுத்த நொடி நண்டு கடைத்தெருவில் நின்றது. விசில் பாதியில் நின்றது. பிறகு, "டேய் ஆபரேட்டர், அலை எங்கடா?" அப்பா அவளைப் பார்த்தார். அறுந்துடுச்சுப்பா, என்றாள். அப்பா நம்பவில்லை, நம்பாவிட்டால் போகட்டும். ராஜவேல் படியேறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், "அண்ணே, அதுக்குத்தானேண்ணே வந்தோம்," குரல் உடைந்திருந்தது, இவனுக்கு உடையும் குரலும் இருக்கிறதா, இன்னும் உடையட்டும்... "சி சென்டருக்கு அதெல்லாம் எட்டாதுங்க," என்றாள் மலர்கொடி. சொல்லிவிட்டாள், அவன் முகத்துக்கு நேராக, உரிய நேரத்தில். அவன் வாய் திறந்து மூடியது. படம் முடியும் வரை அந்த வாயையே நினைத்துக்கொண்டிருந்தாள், இனிப்பாக இருந்தது.

படம் விட்டு இறங்கியபோது படிக்குக் கீழே ஆராயி நின்றாள், கடலோர எக்கியார்குப்பத்திலிருந்து வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவள், இடுப்பில் மகள். சட்டென்று மலர்கொடியின் கையைப் பிடித்தாள். "நீதான் வெட்டிட்டியாமே, பசங்க திட்டிட்டுப் போறானுங்க. போறானுங்க விடு. கடல் உள்ள போவுது பாரு, அப்பவே புள்ள கண்ணப் பொத்திட்டேன். எழுந்து ஓடலாம்னா காலு வரல. அப்புறம் பாத்தா அலையே வரல. எங்க நெனப்பு உனக்காச்சும் இருந்துச்சே, கண்ணு." எந்த நினைப்பு... ஓ. சுனாமி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. மலர்கொடியின் ஊர் பிரம்மதேசத்துக்குத் தண்ணீர் வரவில்லை, அவள் வீட்டில் அதை டிவியில் பார்த்தார்கள். இல்லக்கா, அதுக்காக இல்ல, என்று சொல்லவேண்டும், ஆராயி கையை விடுவதாக இல்லை, குழந்தை அவளையே பார்த்தது. "ம்," என்றாள். காலையில் அந்த அலையை ஒரு முறை திரையில் பார்த்தாள், பிறகு கையில் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள், இரண்டு முறையும் ராஜவேல் எப்படிப் பார்த்திருப்பானோ அப்படியே, நண்டு எங்கே வருகிறது என்று மட்டும்...