ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை

சுட்டுவிரலுக்குப் பதினாலு சதவீதம்தான் என்று ஞானதாசன் சொன்னதும் பூங்கனிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பதினாலா? சார், அந்த விரலு இல்லாம நான் எதக் கொண்டு பருப்புத் தோலெடுப்பேன்?"

"கட்டவிரல்னா முப்பதும்மா. சுட்டுவிரல் முழுசாப் போனா பதினாலு. நானா போட்டேன்? சட்டத்துல அப்படி. டாக்டருமாரும் பாத்து ஒப்புப் போட்டுட்டாவ."

நாகர்கோவில் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஞானதாசனின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் பூங்கனி, வலது கையை முந்தானைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு. மற்றதில் துணைக்கு வந்த சுபைதா பேகம், மடியில் இரண்டு பேருடைய குடையும் பையும். சட்டம் எழுதினவர் யாராக இருந்தாலும் ஜென்மத்தில் ஒரு முந்திரிப் பருப்புகூட உரித்திருக்கமாட்டார் என்று பூங்கனி நினைத்தாள். கட்டைவிரல் பருப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். நகத்தை ஓட்டித் தோலைக் கிளப்புவது முழுக்கச் சுட்டுவிரலின் பாடு. முப்பதை வாங்கிக்கொண்டு போவது மட்டும் கட்டைவிரல்.

தக்கலைப் பக்கத்தில் அவள் வேலை பார்த்த இடத்தை ஆலை என்று யாரும் சொல்வதில்லை, அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர், அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. ஆபீஸ் என்ற பேச்சுக்கு ஏற்ற மாதிரி அங்கே ஃபேன்கூடக் கிடையாது. ஓட்டுக் கூரைக்குக் கீழே நீளமான பெஞ்சுகள், பெஞ்சுக்கு ஏழு பெண்கள், தலைக்கு ஒரு தட்டு. அதில் பூங்கனியும் சுபைதாவும் பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். ஒரு வருடம் அதிகப் பருப்பு உரித்ததற்காக முதலாளி கையால் எவர்சில்வர் வாளி வாங்கியவள் பூங்கனி. அந்த வாளியில் இன்றுவரை அவள் தண்ணீர் கோரியதில்லை, அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

"இனி சம்பளக் கணக்குக்கு வருவோம்" என்று ஞானதாசன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பென்ஷனுக்கு ஒரு வருடம் பாக்கியிருக்கும் மனிதர். பொறுமையாக, பள்ளிக்கூடத்து வாத்தியார் தோரணையில் சொன்னார். "விபத்து நடந்தது ஜனவரியில. அப்பம் அதுக்கு முந்தின ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள சம்பளத்தத்தான் எடுக்கணும். மொத்தச் சம்பளத்த வேல செய்த நாளால வகுத்தா, ஒரு நாளைக்கு முந்நூத்தி நாப்பது. அதுல தொண்ணூறு சதவீதம், முந்நூத்தி ஆறு. அதுல பதினாலு சதவீதம். நாப்பத்திரண்டு ரூபா எம்பத்திநாலு பைசா. தெனமும், உயிரோட இருக்கது வரைக்கும் வரும்."

பூங்கனி தலையாட்டினாள். அவர் பேனாவை மூடவில்லை.

"ஆனா ஒரு விஷயம். அதுக்கு முந்தின ஆறு மாசத்தப் பாத்தேன். நானூத்தி இருவது வருது. அதுக்கும் முந்தி அதே நானூத்தி இருவது. இந்த ஆறு மாசம் மட்டும் எம்பது ரூபா எப்படிக் கொறஞ்சு? பழைய கணக்குன்னா அம்பத்திரண்டு ரூபா தொண்ணூத்திரண்டு பைசா வரும். தெனம் பத்து ரூபா எட்டு பைசா போவுதும்மா."

அவள் எப்படிச் சொல்வாள்?

அந்த ஏப்ரலில்தான் சுபைதாவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன், அதற்கு இ.எஸ்.ஐ. பணம் கட்டும், ஆனால் அந்த ஆறு மாதத்தில் எழுபத்தெட்டு நாள் அவள் வேலை செய்திருக்கவேண்டும். முந்தின ஆறு மாதம் படுக்கையில் கிடந்த உம்மாவைப் பார்த்ததிலேயே அவளுக்கு நாளெல்லாம் போயிருந்தது. அண்டி ஆபீஸிலோ சாயங்காலம் தராசில் ஐந்து கிலோ நின்றால்தான் அன்றைக்கு ஆஜர். இல்லையென்றால் மேஸ்திரி முருகதாஸ் பெயருக்கு நேரே கோடு இழுத்துவிடுவான்.

அதற்கும் பெஞ்சில் ஒரு வழி இருந்தது. ஒருத்திக்கு மேலுக்குச் சுகமில்லையென்றால் மற்ற ஆறு பேரும் ஆளுக்கு ஒரு பிடி பருப்பை அவள் தட்டில் போடுவார்கள். பிடி என்றே அதற்குப் பெயர். பிடியைக் கேட்டு வாங்கக் கூடாது. போட்டவள் அதை வாயால் சொல்லவும் கூடாது. பூங்கனிக்கு மகள் பிந்து வயிற்றில் இருந்தபோது அவள் தட்டிலும் எத்தனையோ பிடி விழுந்திருக்கிறது. யார் போட்டது என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. முருகதாஸும் அந்த நேரத்துக்குச் சரியாக வெளியே போய் பீடி பற்றவைப்பான்.

சுபைதாவுக்கு முதல் மாதம் ஆறு பிடியும் விழுந்தது. ஜூன் பிறந்து, மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வந்ததும், ஆறு நான்காயிற்று, நான்கு இரண்டாயிற்று. யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஒவ்வொருத்தி வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். சுபைதாவோ மருந்து மயக்கத்தில் மத்தியானமே பெஞ்சில் தலை சாய்த்துவிடுவாள். தலையில் போட்ட தட்டத்தை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் தூங்கும்போது பூங்கனி தன் தட்டை அவள் தட்டில் சாய்ப்பாள். சுபைதா வேலைக்கு வந்த நாளிலெல்லாம் நாலு கிலோ. தன் கையால் உரித்ததில் மூன்றில் ஒரு பங்கு, அந்த எடைக்கான கூலியும் அதோடு போகும்.

இப்போது நினைத்தால் அந்த ஆறு மாதம்தான் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று பூங்கனிக்குத் தோன்றியது. ஓட்டில் மழை அடிக்கும். உலர்த்துகிற போர்மா அறையிலிருந்து வரும் சூடான பருப்பு மணம் சேலையில் ஏறி வீடுவரை கூட வரும். பக்கத்தில் சுபைதாவின் மெல்லிய குறட்டை. விரல் பத்தும் இருந்தது, ஓடிக்கொண்டே இருந்தது. எழுபத்தெட்டாவது நாள் முடிந்து சுபைதா வேலையை விட்டு நின்றபோது பூங்கனிக்குச் சந்தோஷத்தைவிட வெறுமைதான் அதிகம். பக்கத்து இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், என்னை அண்டி வெட்டுகிற மெஷினுக்கு மாற்று என்று முருகதாஸிடம் அவளேதான் கேட்டாள். அங்கே ஜனவரியில் ஒரு நாள் கை தவறியது.

"அண்டி ஆபீஸ்ல எடையத் தப்பா எழுதியிருப்பாவ" என்றார் ஞானதாசன், குரலைத் தாழ்த்தி. "ஒரு மனு எழுதித் தாருங்க. நாங்க நேர்ல போயி ஆறு மாச எடைப் புஸ்தகத்தையும் எடுத்துப் பாப்போம். கூட வாங்கிரலாம்."

"எனக்க பேர மட்டும் பாப்பியளா சார்?"

"அதெப்படி? எல்லார்க்க பேரையும்தான் பாக்கணும்."

பக்கத்து நாற்காலியில் குடைகள் உரசிக்கொண்டன. சுபைதாவின் முகம் வெளுத்திருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்பது அவளுக்கும் மனப்பாடம்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் பூங்கனி மேசைக்குக் கீழே அவள் காலை ஒரு மிதி மிதித்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல சார். எடை சரியாத்தான் இருக்கும். அந்த ஆறு மாசம் எனக்கு மடி."

"மடியா?"

"மடிதான். வேலைக்கு வந்தா இருந்து கத பேசுவேன். கை ஓடல்ல."

ஞானதாசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்த மனிதர், தினமும் பத்து ரூபாயை வேண்டாம் என்று சொல்பவரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு கேள்வி எதுவும் கேட்காமல், 'அந்தக் காலத்தில் தொழிலாளி வேலையில் சுணக்கமாக இருந்ததாகத் தெரிவித்தார்' என்று எழுதி, அதை உரக்கப் படித்தும் காட்டினார். எவர்சில்வர் வாளி பூங்கனியின் கண்ணுக்குள் ஒரு தடவை வந்து போனது. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுவரை சுபைதா இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். தக்கலை பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைகொடுத்து நின்றாள்.

"ஏட்டி, ஆறு பேரும் போட்ட பிடின்னுல்லா நான் நெனச்சிருந்தேன்."

"ஆறு பேருந்தான் போட்டாவ."

"பொய் சொல்லாத. எம்பது ரூபா ஒரு பிடியா? நீ மடிச்சியா? உன்னய மடிச்சின்னு எழுதினதக் கேட்டுட்டு நான் குடையப் பிடிச்சிட்டுல்லா இருந்தேன். இப்பமே திரும்பிப் போயி அந்த சாருட்ட சொல்லிட்டு வாறேன்."

"போ. போயிச் சொல்லு. ஆபரேஷனுக்கு ஆன பணத்தத் திருப்பிக் கட்டச் சொல்லுவான். வயித்துல தச்ச தையலயும் பிரிச்சுக் குடுத்துட்டு வா."

சுபைதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கனிக்கும் கண் நிறைந்தது, ஆனால் துடைக்க வலது கையை வெளியே எடுக்கவேண்டுமே என்று அப்படியே விட்டுவிட்டாள். சுபைதாதான் தன் தட்டத்தின் நுனியால் துடைத்துவிட்டாள்.

"பிடியச் சொல்லிக் காட்டக் கூடாதுட்டி" என்றாள் பூங்கனி.

"நீ எங்க சொன்ன? அந்த சாருதான கணக்குப் போட்டுச் சொன்னாரு."

சொல்லிவிட்டு அவள் பக்கத்துச் சாயாக் கடைக்குப் போனாள். ஒரே ஒரு சாயா வாங்கிக்கொண்டு வந்து, பூங்கனியின் இடது கையில் கிளாஸை வைத்து, சூடாக இருக்கும் என்று தன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு?"

"எனக்கு வேண்டாம். பத்து ரூபா. இது இன்னைக்குள்ளது. எட்டு பைசா பாக்கி நிக்கட்டு."

பூங்கனிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. "லூசாட்டி உனக்கு? தெனமுமா வாங்கித் தருவ?"

"தெனமும்தான். நாளைக்கு உனக்க வீட்டுக்கு வந்து போட்டுத் தருவேன்."

"எத்தன நாளைக்கு?"

"சாரு சொன்னாருல்லா, உயிரோட இருக்கது வரைக்கும்னு."

"யாரு? நானா, நீயா?"

சுபைதா கிளாஸை அவள் வாய்ப்பக்கம் தள்ளினாள். "ஆறிரும், குடி" என்றாள்.